ரப்பருக்கு ஐம்பது சதவீதம்

டியூபை உருவியபோது
வால்வு அடியோடு பிய்ந்து
தனியாகக் கையில் வந்தது.
ஓட்டைக்கு ஒட்டு உண்டு. இதற்குக் கிடையாது.
மாற்று டியூப் எங்கே என்று கேட்காதீர்கள்,
முந்தாநாள் மாட்டிய மாற்று டியூப்தான் இது.

காலையிலேயே காற்று குறைவென்று தெரியும்.
அலிச்சூரில் அடித்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன்.
ஊரில் நான் வாகனக் காப்பீட்டுச் சேத மதிப்பீட்டாளன்.
இந்தக் கோரிக்கை என் மேசைக்கு வந்திருந்தால்
ஓட்டுநரின் அலட்சியம் என்று
பச்சை மையில் எழுதித் திருப்பியிருப்பேன்.

பாமீர் மேட்டில் பச்சை மை இல்லை.
பச்சையே இல்லை.
சாலை, சாம்பல் கல், உப்புப் பூத்த ஒரு ஏரி,
காதுக்குள் நுழைந்து வெளியேற மறுக்கும் காற்று.
அவ்வளவு காற்று.
டயருக்குள் போகத்தான் ஒரு பிடி இல்லை.

சுண்ணாம்பு அடித்த வீட்டிலிருந்து
புருல்கான் வந்தாள், கையில் பால் கறந்த ஈரத்தோடு.
பின்னால் அவள் கொழுந்தன் தாஷ்தான்.
கையில் எதுவும் இல்லை, வாயில் யோசனை இருந்தது.
புல்லைத் திணி என்று சைகை காட்டினான்.
அவள் நிலத்தைச் சுற்றி ஒருமுறை கை வீசினாள்:
எங்கே புல்?
வீசிவிட்டு உள்ளே போனாள்.

கிழிந்த கூடாரக் கம்பளம் ஒன்றை இழுத்து வந்தாள்.
ஆட்டு ரோமத்தை நனைத்து உருட்டி மிதித்துச் செய்தது.
எத்தனையோ குளிர்காலத்துப் புகை அதில் கறுத்திருந்தது.
ஓரத்தில் சிவப்பில் ஆட்டுக்கொம்புக் கோலம், பாதி.
செம்மறிக்கு மயிர் வெட்டுகிற கத்தரியால்
கோலம் பார்க்காமல் வெட்டினாள்.
வேண்டாம் என்றேன், தமிழில்.
"போலோத்" என்றாள்.
கிர்கீஸில் எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் ஒன்று.
ஆகும்.

சுலபத்தில் ஆகவில்லை.
பட்டை பட்டையாகச் சுருட்டித் திணிக்கத் திணிக்க
டயர் விழுங்கிக்கொண்டே இருந்தது.
கடைசி ஒரு சாணில் வாயை இறுக்கிக்கொண்டது.
என் நெம்புகோல் வளைந்தது,
அவள் அடுப்படிக் கரண்டி வளையவில்லை.
ரப்பர் பூட்ஸோடு புருல்கான் டயர்மேல் ஏறிக் குதிக்க,
நான் மண்டியிட்டு நெம்ப,
தாஷ்தான் ருஷ்ய மொழியில் இருவரையும் வழிநடத்தினான்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
மூச்சுக்காக நான் மட்டும்
உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.
ஒருவழியாக, டக்.
விளிம்பு உள்ளே விழுந்தது.

பணம் நீட்டினேன். அவள் பார்க்கவேயில்லை.
செத்த டியூபைத் தூக்கி இழுத்துப் பார்த்தாள்.
பால்கேன் மூடியை அதன்மேல் வைத்து
நகத்தால் வட்டம் கீறினாள், வெட்டினாள், பொருத்தினாள்,
கேனைக் கவிழ்த்தாள்.
ஒரு சொட்டு இல்லை.

வழக்கம்போல் உள்ளே கணக்கு ஓடியது:
ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் ஐம்பது சதவீதம்.
மிச்ச ஐம்பது இதோ பால்கேனில்.
கம்பளத்துக்கு என்ன சதவீதம்?
படிவத்தில் அந்த வரி கிடையாது.

மணிக்கு இருபது கிலோமீட்டர்.
சக்கரம் உருளவில்லை, நடந்தது.
சூடேறச் சூடேற ஆட்டு வாசனை.
ஒவ்வொரு குடியிருப்பிலும் நாய்கள் ஓடி வந்தன,
என்னைப் பார்த்தல்ல, பின்சக்கரத்தைப் பார்த்து.
ஒன்று மட்டும், காது வெட்டிய வெள்ளை நாய்,
குரைக்கவில்லை, கடிக்கவில்லை.
வழிதவறிய ஆட்டை ஓட்டுவதுபோல்
பக்கவாட்டிலேயே ஓடி
என்னைச் சாலையை விட்டு
மந்தைப் பக்கம் தள்ளப் பார்த்தது.
அரைக் கிலோமீட்டர் பொறுப்பாகத் தள்ளியது.

முர்காபில், சரக்குப் பெட்டிகளைக் கடைகளாக்கிய சந்தையில்
சீன டியூப் கிடைத்தது.
மெக்கானிக் ஜெனிஷ் டயரைத் திறந்தான்.
கம்பளம் வளையமாக இறுகி வெளியே வந்தது.
மோந்து பார்த்தான். கூலிக்கு அதையே கேட்டான்.
அவன் பெட்டிக் கதவின் அடியில்
இரண்டு விரல் இடுக்கு.
வளையத்தை வெட்டி நீட்டி வைத்து மிதித்தான்.
சிவப்புக் கொம்பின் ஒரு முனை வெளியே தெரிந்தது.

காற்றடைத்த சக்கரம் நன்றாகப் போனது, வேகமாக.
அதற்கப்புறம் எந்த நாயும் வரவில்லை.